48 மடைக் கண்மாய்க்கு உலகத்துப் பெரிய ஏரிகளிடம் ஏதாவது யோசனை இருக்குமா?

கடைமடைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயின் ஆயக்கட்டில் (பாசனப் பரப்பில்) எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. மடைக்கால் போய் முடிகிற இடத்தில் என் வரப்பு. எங்கள் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரே மூச்சில் நாரையால்கூடக் கடக்க முடியாத நீளமாம். நாரை பாடு எப்படியோ, மடையில் திறந்த தண்ணீர் வழியில் உள்ள அத்தனை வயலையும் தாண்டி என்னிடம் வந்து சேர்வதுதான் நான் கண்ட அதிசயம். அது எல்லா வருடமும் நடப்பதில்லை.

போன வருடத்தையே சொல்கிறேன். ஆவணிக் கடைசியில் புழுதி விதைப்பு. ஐப்பசி முழுவதும் வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது. கார்த்திகையில் ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டது. கோட்டக்கரையாறு பெருகி, கண்மாய் ததும்பி, மிகைநீர் வழிந்து வெளியேறுகிற கலுங்கு இரண்டு இரவு பாய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆயிற்று என்று கிழவிகள் எல்லாம் கரைக்கு வந்து நின்றார்கள். அவ்வளவு தண்ணீர் கண்ட கண்மாய் தை பிறந்ததும் மடையை விட்டு இறங்கிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம். முன்வயல்காரர்கள் அறுத்தார்கள். என்னுடையதில் பாதி சாவி, மணி பிடிக்காத பதர்.

எங்கள் மடையின் பக்கக் கல்லில் என் தாத்தா காலத்தில் உளியால் கொத்திய ஏழு கோடுகள் உண்டு. கோட்டுக்குக் கோடு ஒரு சாண். கீழிருந்து எண்ணி ஐந்தாம் கோட்டில் தண்ணீர் நின்றால் கடைசி வயல்வரை விளையும் என்பது அவர் வைத்த கணக்கு. போன கார்த்திகையில் ஆறாம் கோடு நனைந்தது. அப்படியும் சாவி. இப்போது மேலே ஐந்து கோடுகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. கீழே இரண்டும் மண்ணுக்குள். தண்ணீர் நிற்கும்போது காலால் துழாவினால் தட்டுப்படும். இந்தச் சித்திரையில் எல்லாம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது.

அடுத்த மாதம் ஆயக்கட்டுக் கூட்டம். ஒரு தொகை வருகிறது (எங்கிருந்து என்பது இங்கே வேண்டாம்). அதை என்ன செய்வது என்று ஊர் மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. உள்வாயை, அதாவது கண்மாயின் உட்பரப்பை, ஆழமாகத் தோண்ட வேண்டும் என்கிறது ஒரு கட்சி. கலுங்கை ஒரு முழம் உயர்த்தினால் கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீர் நிற்கும் என்கிறது இன்னொரு கட்சி; நானும் அதில்தான் இருந்தேன். மூன்றாவது கட்சி இளைஞர்கள்: படகு விட்டுப் பூங்கா வைத்தால் வருமானம் வருமாம். நான் தினமும் செய்தித்தாள் படிக்கிறவன் என்பதால் பேச என்னைத்தான் எழுப்பி விடுவார்கள்.

இதற்கிடையில் தம்பி மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். மணல்வெளியில் துருப்பிடித்த கப்பல் ஒன்று சாய்ந்து கிடந்தது. "எந்த ஊர் கடற்கரை, தனுஷ்கோடியா?" என்று கேட்டேன். ஆரல் கடல் என்றாள். ஏரியாக இருந்த இடமாம். உலகத்தின் பெரிய ஏரிகளில் பாதிக்குமேல் வற்றி வருகின்றன என்றும் வாசித்துக் காட்டினாள். டீக்கடையில் இதைச் சொன்னதும் ஒருவர், "உலகமே வற்றுகிறது, நம் கண்மாய் எம்மாத்திரம்!" என்று கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பேச்சே காதில் இருக்கிறது.

கிழக்கே இன்னொரு கவலையும் உண்டு. திருப்பாலைக்குடிப் பக்கம் என் மைத்துனர் கிணறு வருடத்துக்கு வருடம் கரிக்கிறது. அங்கே நிலத்தில் வெயில் ஏற ஏற உவர் பூக்கிறது. கடல் மட்டம் உயர்கிறது என்கிறார்கள். கண்மாயில் தண்ணீர் நின்ற வருடம் மட்டும் அந்தக் கிணற்றில் கரிப்பு கொஞ்சம் குறையும்.

என் கேள்வி இவ்வளவுதான். பெரிய ஏரிகளைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். மீட்டவர்களும் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் முதலில் எதில் கை வைத்தார்கள்? தோண்டினார்களா, அடைத்தார்களா?


ஓய்வுபெற்ற லஸ்கர் எழுதியது:

இருபத்தெட்டு வருடம் லஸ்கர் வேலை, அதாவது மடை திறந்து அடைக்கிற வேலை பார்த்தவன். எந்தக் கண்மாய் என்று சொல்லமாட்டேன்.

உலக ஏரி எனக்குத் தெரியாது. உங்கள் மடை தெரியும். மடையின் தளக்கல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அதற்கு மேலே நிற்கிற தண்ணீர்தான் வயலுக்கு வரும். தளத்துக்குக் கீழே நீங்கள் பத்து ஆள் ஆழம் தோண்டினாலும் அது எருமை படுக்கிற குட்டை. மோட்டார் வைத்திருக்கிறவன் இறைப்பான், உங்களுக்கு வராது. இதை எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன்! பொக்லைன் வந்து நின்றதும் எல்லோருக்கும் மறந்துவிடும். அது மட்டுமில்லை. கண்மாயின் அடியில் காலங்காலமாகப் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. அதைக் கிழித்து மணலைத் தொட்டுவிட்டால் ஓட்டைப் பானைதான்.

கலுங்கை உயர்த்துகிற யோசனையையும் விட்டுவிடுங்கள். கலுங்கு ஒரு முழம் ஏறினால் கரையும் அந்த அளவு ஏற வேண்டும். அத்தனை மைல் கரைக்கு மண் எங்கே? கார்த்திகையில் வந்தது மாதிரி ஒரே வாரத்தில் வந்தால் நடுராத்திரி எங்காவது உடைப்பு எடுக்கும். மழை முன்னைப் போலப் பரவலாகப் பெய்வதில்லை, கொட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்தக் காலத்தில் கலுங்கைத் தொடுவது நல்ல யோசனை இல்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். கடப்பாரை எடுத்துக்கொண்டு உங்கள் மடை வாயில் தோண்டிப் பாருங்கள். அடிக்கோட்டுக்குக் கீழே தளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அதன்மேல் மண் எவ்வளவு ஏறியிருக்கிறது. பிறகு அங்கிருந்து முப்பது அடி, அறுபது அடி, நூறு அடி உள்ளே போய் மட்டம் பாருங்கள். அதைப் பார்க்காமல் கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டாம்.


கீழக்கரை மாலுமி எழுதியது:

லஸ்கர் அண்ணன் மடையைச் சொல்லிவிட்டார். நான் ஏரியைச் சொல்கிறேன். சரக்குக் கப்பலில் முப்பத்தொரு வருடம், சாரங்காக, மேல்தட்டு ஆட்களுக்குத் தலைவனாகக் கரையேறினேன். வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் நான்கு முறை போய்வந்திருக்கிறேன்.

செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறி உள்ளே போக வேண்டும். வழியில் வெல்லண்ட் கால்வாய். தண்ணீரால் கட்டிய எட்டுப் படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லாக்கிலும் கப்பலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி மேலே தூக்குவார்கள். எட்டும் சேர்ந்து நூறு மீட்டருக்குச் சற்றே குறைவு. சுப்பீரியர் ஏரிக்குள் போனால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. ஆடிக் காற்றில் ஏர்வாடிக்கு வெளியே அடிக்கிற மாதிரி அலை அடிக்கும். முகத்தில் தெறித்ததை நக்கினால் உப்பு இல்லை! முதல் தடவை எனக்கு அது கொஞ்சம் பயமாகவே இருந்தது. நிலத்தின் மேல் கிடக்கும் உலகத்து நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு அந்த ஐந்து ஏரிகளில் இருக்கிறது.

அவ்வளவு பெரிய தண்ணீருக்கு எமனாக வந்தது நகத்தளவு சிப்பி. அதைக் கொண்டுவந்தது என்னைப் போன்றவர்கள் ஓட்டிய கப்பல்கள்தான். சரக்கு இல்லாதபோது கப்பல் ஆடாமலிருக்க அடித்தொட்டிகளில் தண்ணீர் ஏற்றிக்கொள்வோம். பலாஸ்ட் என்று பெயர். ஒரு துறைமுகத்தில் ஏற்றியதை இன்னொரு துறைமுகத்தில் கொட்டுவோம். அந்தத் தண்ணீரோடு ஐரோப்பாப் பக்கத்து வரிச்சிப்பி வந்து இறங்கிவிட்டது. 1988-ல் முதலில் கண்டுபிடித்தார்கள். சில வருடத்தில் குடிநீர்க் குழாய், மின்நிலையக் குழாய் எல்லாவற்றின் உட்புறத்திலும் அப்பிக்கொண்டது. தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி அது. ஏரி கண்ணாடியாகத் தெளிந்தது. கரையில் நின்று பார்ப்பவருக்கு அழகு, மீன் குஞ்சுக்கு இரை இல்லை.

வந்ததை எடுக்க முடியவில்லை. இனி வராமல் என்ன செய்தார்கள் தெரியுமா? நடுக்கடலில் வைத்துத் தொட்டிகளை உப்புத் தண்ணீரால் அலசிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று 2006-லிருந்து 2008-க்குள் கனடா, அமெரிக்கா இரண்டு நாடுகளும் கட்டாயமாக்கிவிட்டன. காலித் தொட்டியைக்கூட அலச வேண்டும். நன்னீர்ப் பூச்சிக்கு உப்பு விஷம். மொன்றியலில் அதிகாரிகள் ஏறுவார்கள். தொட்டியின் அளவுக்குழாய் மூடியைக் கழற்றிக் கொடுப்பது என் வேலை. ஒருவர் நூலில் கட்டிய குப்பியை இறக்கி எடுத்து, ஒரே ஒரு சொட்டை ஒரு கைக்குழல் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஆயிரத்துக்கு முப்பது பங்கு உப்பு இருந்தாக வேண்டும். ஒருமுறை எங்கள் தொட்டி ஒன்றில் அளவு குறைந்துவிட்டது. அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டும் ஏரியில் விழக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேப்டன் எங்களிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் ஒன்று, அந்தச் சட்டம் வந்தபின் கப்பல் வழியாகப் புதுப் பிராணி வந்து குடியேறுவது அடியோடு குறைந்துபோனது. எந்த இயந்திரமும் இல்லை. வாசலில் ஓர் ஆளும் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரும்தான்.

உங்கள் கண்மாய்க்கு வாசல்காரர் யார்? மீன்பாசி ஏலம் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) எடுப்பவர் எந்தக் குஞ்சைக் கொண்டுவந்து விடுகிறார் என்று யாராவது பார்க்கிறீர்களா? ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை இருக்கிறது, ஆனாலும் எங்கெங்கோ விட்டிருக்கிறார்கள். அது புகுந்த தண்ணீரில் விரால் குஞ்சு மிஞ்சாது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நைல் கெண்டை என்று ஒன்றை 1950-களில் நல்லது நினைத்துத்தான் விட்டார்கள். பின்னால் அது பெருகி அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சின்ன மீன் வகைகளை ஒழித்துக் கட்டியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஈரி ஏரியை 1960-களில் செத்த ஏரி என்றே எழுதினார்கள். சாக்கடையும் சோப்பு நுரையும் கொண்டுவந்த பாஸ்பரஸ்தான் காரணம். 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை போட்டு அதைக் குறைத்தார்கள். ஏரி பிழைத்தது. அப்பாடா என்று இருந்தால், பிறகு வயல் உரம் ஆற்று வழியாக வந்து சேர்ந்தது. வெயில் கூடக்கூடப் பச்சைப் பாசி கொழுத்தது. 2014 ஆகஸ்டில் ஈரிக் கரையிலுள்ள டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே என்று அறிவித்துவிட்டார்கள். கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது, இன்னும் செறிவாகும். நான்கு லட்சம் பேர் பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள், நன்னீர்க் கடலின் கரையில்! பாஸ்பரஸ் உள்ள டி.ஏ.பி. உர மூட்டையை அவிழ்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு நாடுகளும் 1909-லேயே ஒப்பந்தம் போட்டு, பக்கத்துக்கு மூன்று பேராக ஆறு பேர் உட்காரும் ஆணையம் ஒன்றை வைத்திருக்கின்றன. வைகைத் தண்ணீருக்கு மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்றும் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று கப்பல் மேல்தட்டில் நின்று நினைத்திருக்கிறேன்.


கழிமுகத்து ஆள் எழுதியது:

காரங்காடு பக்கம், நண்டு வலை. ஒரு சொல்லுக்காக மட்டும் எழுதுகிறேன்.

"கடலுக்கு வீணாகப் போகிற தண்ணீர்" என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணன். அந்த இரண்டு இரவு உங்கள் கலுங்கு பாய்ந்த தண்ணீர் கோட்டக்கரையாற்று வாயில் எங்களிடம்தான் வந்தது. கண்டல் காட்டில் உப்பு குறைந்தது. அதற்குப் பிறகு வந்த நண்டும் இறாலும் அதற்கு முந்தின இரண்டு வருடமும் வரவில்லை. என் மகளுக்குக் காலேஜ் பணம் கட்டியது அந்தத் தண்ணீர்தான். உங்களுக்குக் கடைசி வயல் என்றால் எங்களுக்கு அதற்கும் கடைசி. கலுங்கை உயர்த்துகிற கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள்.


மண்டபம் டீச்சர் எழுதியது:

புவியியல் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவள். டீக்கடையில் அவர் கவிழ்த்த தம்ளரை முதலில் நிமிர்த்தி வைத்துவிடுகிறேன்.

அந்தச் செய்தி 2023-ல் வெளியான ஆய்வு. 1992 முதல் 2020 வரை செயற்கைக்கோள் பார்த்த 1,972 பெரிய ஏரிகள், நீர்த்தேக்கங்களில் 53 விழுக்காடு தண்ணீரை இழந்திருக்கின்றன. அதே ஆய்வில் 24 விழுக்காடு பெருகியும் இருக்கின்றன. அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. இயற்கை ஏரிகள் வற்றியதற்குக் காரணம் பூமி சூடேறுவது ஒன்று, மனிதர் எடுத்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதை ராஜசிங்கமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு நிறுத்த முடியாது. இரண்டாவது முழுக்க முழுக்க உள்ளூர் விவகாரம். நீர்த்தேக்கங்களுக்கு மூன்றாவதாக வண்டல். உங்கள் தாத்தாவின் கோடுகள் இரண்டு மண்ணுக்குள் போன கதையேதான்.

ஆரல் கடலுக்கு வருகிறேன். 1960-ல் அது 68,000 சதுர கிலோமீட்டர். நம் மாவட்டத்தைப் பதினாறு முறை உள்ளே வைக்கலாம். அமு, சிர் என்று இரண்டு ஆறுகள். சோவியத் காலத்தில் பருத்திக்காக இரண்டையும் வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள். மழை பொய்த்ததால் அது சாகவில்லை. வரத்து மறிக்கப்பட்டுச் செத்தது. ஏரி வடக்கு, தெற்கு என்று இரண்டு துண்டாயிற்று. மீட்ட கதை வடக்கில் நடந்தது. கஜகஸ்தான் 2005-ல் 13 கிலோமீட்டர் நீளத்துக்குக் கோக் ஆரல் என்ற கரையைக் கட்டி, சிர் ஆற்றுத் தண்ணீர் தெற்கே ஓடிவிடாமல் மறித்தது. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறைந்தது. உப்பு இறங்கியது, போன மீன்கள் திரும்பின, மீன் பதனிடும் ஆலைகள் திறந்தன. மாநாட்டுக்கு மாநாடு இதைக் காட்டுகிறார்கள்.

ஆனால் நீங்கள் கடைமடைக்காரர். அதனால் மற்றப் பாதியையும் கேளுங்கள். அந்தக் கரைக்குத் தெற்கே இருந்தது ஏரியின் பெரிய பகுதி. அது கைவிடப்பட்டது. உங்கள் தம்பி மகள் காட்டிய கப்பல் அநேகமாக அங்கே, உஸ்பெகிஸ்தான் பக்கத்து முய்னாக்கில் கிடப்பதாக இருக்கும். ஏரி மீண்டது என்று எவராவது சொன்னால் எந்தப் பாதி என்று கேட்பது என் வழக்கம். கழிமுகத்துத் தம்பி எழுதியதைப் படித்தபோதும் அதுதான் தோன்றியது.

நம் கடற்கரைக்கு நெருக்கமான கதை சிலிகா. ஒடிசாவில் கடலோரத்தில் கிடக்கும் உவர்நீர் ஏரி. ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் கடல் தள்ளிய மணலும் அதன் முகத்துவாரத்தை அடைத்தன. உப்பு குறைந்தது, களை மண்டியது, மீன்பாடு விழுந்தது. ராம்சர் என்பது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்; அதில் ஆபத்தில் இருப்பவற்றுக்கான தனிப் பட்டியலில் 1993-ல் சேர்ந்தது. ஏரி முழுவதையும் யாரும் தோண்டவில்லை. அலையும் நீரோட்டமும் எப்படி ஓடுகின்றன என்று வருடக்கணக்கில் படித்துவிட்டு, 2000 செப்டம்பரில் கடலுக்கு ஒரு புது வாயை வெட்டினார்கள். மீன், நண்டு, இறால் திரும்பின. 2002-ல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. கேரளத்து வேம்பநாட்டு ஏரியில் நேர் எதிர்: நெல்லுக்காக உப்பைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை போட்டார்கள். உப்பு நுழையாததால் ஆகாயத்தாமரை செழித்தது. கதவை எந்தத் தேதியில் திறப்பது என்று விவசாயிக்கும் மீனவருக்கும் வருடந்தோறும் சண்டை. பெரிய ஏரி மேலாண்மை என்று தடித்த புத்தகங்களில் எழுதுவதில் பாதி அந்தத் தேதிச் சண்டைதான்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: மீட்டவர்கள் முதலில் கை வைத்தது ஏரியின் நடுவில் இல்லை, வாய்களில். வருகிற வாய், போகிற வாய்.

உங்கள் வரத்துக்காலில் சீமைக் கருவேலம் எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்தீர்களா? அதை வெட்டுங்கள், கரிமூட்டக்காரர்கள் நல்ல விலைக்கே எடுப்பார்கள். உள்வாயில் இருப்பதை மட்டும் ஒரே மூச்சில் மொட்டையடிக்க வேண்டாம். தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களில்தான் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022-லும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் 2025-லும் ராம்சர் பட்டியலுக்குப் போனதற்கு அந்தப் பறவைகள்தான் காரணம். பாசனக் கண்மாயாக இருந்துகொண்டே உலகப் பட்டியலில் ஏறியிருக்கின்றன என்று உங்கள் பூங்கா இளைஞர்களிடம் சொல்லுங்கள். படகுக்கு முன்னால் ஒரு பைனாகுலர் வாங்கலாம்.


கடைமடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லஸ்கர் ஐயா சொன்னபடி மறுநாள் விடியலில் மகனையும் கடப்பாரையையும் அழைத்துக்கொண்டு மடைக்குப் போனேன்.

மேல்மண் ஓடு மாதிரி இருந்தது. ஒரு சாண் போனதும் கருப்பாக, ஈரமாக, குளிர்ச்சியாக வண்டல். ஆறாவது கோடு வந்தது (மேலிருந்து எண்ணுகிறேன்), பிறகு ஏழாவது. வெயில் படாததால் உளி கொத்தியது நேற்றுக் கொத்தியது போல் கூர்மையாக இருந்தது. மகன் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான். அதற்கு நான்கு விரற்கடை கீழே தளக்கல் டங்கென்றது. தளத்தின்மேல் என் தொடையளவு மண், அதற்குள் ஒரு ரப்பர் செருப்பு, மூன்று பாட்டில், ஒரு துருப்பிடித்த கதவுத் திருகு.

ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பிப் பிடித்துப் பார்த்தோம். முப்பது அடியில் மண் பாதியாகக் குறைந்தது. அறுபது அடியில் நாலு விரல்தான். நூறு அடியில் தரை தளத்துக்குச் சமம்! அதாவது கண்மாய் தூர்ந்துவிட்டது என்று நாங்கள் கத்தியது மடை வாயில் நின்று பார்த்துவிட்டு. தூர்ந்திருப்பது வாய்தான். மண் மேடு தண்ணீரை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டது. கண்மாய்க்குள் தண்ணீர் இருக்கும்போதே என் மடையில் காற்று வந்திருக்கிறது. அதையும் கோடைவெயில் நாளுக்கு அரை விரற்கடையாகக் குடித்துவிட்டுப் போயிருக்கும். சாவி நெல்லை நினைத்துக் கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வரத்துக்காலையும் நடந்தோம். மூன்று கிலோமீட்டருக்குமேல் போக முடியவில்லை. வேட்டி கிழிந்துவிட்டது.


கடைமடைக்காரன் மீண்டும் எழுதியது:

கூட்டம் முடிந்தது. சொல்ல வேண்டியது என் கடமை.

கலுங்கு யோசனை விழுந்தது. நான்தான் எழுந்து முதலில் என் பேச்சையே மறுத்தேன். நேற்றுவரை நீ அந்தக் கட்சிதானே என்று சிரித்தார்கள். காரங்காட்டிலிருந்து இரண்டு பேர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, "இவர்களுக்கும் கண்மாய்க்கும் என்ன?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எழுந்தவர் அவர் சம்பந்தி. அது ஒரு தனிக் கச்சேரி.

முடிவானது: பணத்தில் பெரும்பகுதி மடை வாய்களைத் தளம்வரை சுத்தம் செய்யவும், வரத்துக்காலில் கருவேலம் எடுக்கவும். வண்டலை வயலுக்கு அடித்துக்கொள்ளலாம், அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். உள்வாய் மரங்களை இந்த வருடம் தொடுவதில்லை. மீன்பாசி ஏலத்தில் என்ன குஞ்சு விடுகிறார் என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அது காகிதத்தில்தான் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

முடியாமல் போனது: மடையைத் திறக்கவும் அடைக்கவும் முடிவு செய்கிற குழுவில் கடைசி வயல்காரர் இருவர் இருக்க வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் சொன்ன ஆரல் கதையையும் சொன்னேன். தெற்குப் பாதி என்றதும் முன்வயல்காரர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். விடப்போவதில்லை.

48 மடைக் கல்லிலும் சாணுக்கு ஒரு கோடு வரைந்து எண் போட வேண்டும் என்றதற்கு மட்டும் எதிர்ப்பே இல்லை. என் பங்கு நீலப் பெயிண்ட் ஒரு டப்பா. ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம். லஸ்கர் ஐயா, மட்டம் பார்க்க நீங்கள் வந்தால் பஸ் செலவு எங்களுடையது.

மாலுமி காக்கா, உங்களிடம் அந்த ஒற்றைக்கண் கண்ணாடி இருக்கிறதா? மைத்துனர் கிணற்றை மாதம் ஒருமுறை பார்த்து எழுதி வைக்கலாம் என்று நினைக்கிறேன்.


கீழக்கரை மாலுமி எழுதியது:

ஒன்று இருக்கிறது தம்பி. ஆனால் அது கடல் உப்புக்கு. கிணற்று உப்பு அதில் சரியாகத் தெரியாது. கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள், மீட்டரில் பார்த்துச் சொல்வார்கள். மகனுக்குக் கண்ணாடியைப் பார்க்க ஆசை இருந்தால் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள். சாப்பிடாமல் வர வேண்டும்.


ஓய்வுபெற்ற லஸ்கர் எழுதியது:

பஸ் செலவு வேண்டாம். நீலம் வெயிலில் வெளுத்துவிடும், கருப்பு வாங்குங்கள். எண்களைக் கீழிருந்து மேலே போடுங்கள்.